நூறாவது கடல்வாத்து

ஸ்கால்வோ தீவு நகராட்சியில் ஆறு துறைகள் உண்டு. அவற்றில் ஐந்து என்ன செய்கின்றன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த துறை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் இரகசியப் பாதுகாப்புத் துறை.

பால்வினை நோய்களுக்கான இலவசப் பரிசோதனை இந்தத் துறையின் பொறுப்பில் இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், காசு வேண்டாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று கப்பல்துறையிலிருந்து மீன்சந்தைவரை பலகை வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஆறு வருடத்தில் வந்தவர்கள் தொண்ணூற்றொன்பது பேர். அதிலும் நாற்பது பேர், சேவை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்த துறை ஊழியர்கள்.

ஆரம்பத்தில் பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்பினார்கள். பார்த்தால் இன்னது என்று தெரியக் கூடாதல்லவா, அதற்காக ஒன்பது பேர் கொண்ட குழு பதினொரு மாதம் கூடிப் பேசி, எதுவுமே எழுதாத ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தது. நிறம் நல்ல எலுமிச்சை மஞ்சள். எதுவுமே எழுதாத எலுமிச்சை மஞ்சள் பெட்டி எங்கள் தீவுக்கு வேறு எதற்கும் வருவதில்லை. தபால்காரர் அதை சைக்கிளில் வைத்துக்கொண்டு தெருவில் திரும்பினால், எந்த வீட்டில் நிற்கிறார் என்று பார்க்கக் குழந்தைகள் கூடவே ஓடின. ஊரே வாங்குவதை நிறுத்திக்கொண்டது. மக்களுக்கு ஆரோக்கியம் கூடிவிட்டது என்று துறை ஆண்டறிக்கை வெளியிட்டது.

இந்த விவகாரத்தில் தோர்கில் ரவ்ன்ஹோல்ட் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் காதல்.

தோர்கிலுக்கு நாற்பத்தேழு வயது. மறுகரைக்குப் போகும் கப்பலில் கார்களைக் கைகாட்டி ஏற்றி நிறுத்துவது வேலை. "இன்னும் கொஞ்சம் இடது, போதும், நிறுத்து" என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, தீவில் அவன் கைக்குக் கட்டுப்படாத வண்டி கிடையாது. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த வசந்தத்திலிருந்துதான் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சோல்வையின் வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்வருகிறான். இதுவரை சாப்பாடு மட்டும்தான்.

ஜூன் மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சோல்வை சொன்னாள்:

"சனிக்கிழமை என் தங்கச்சியோட கடற்கரைக் குடில் சும்மாதான் கெடக்கு. சாவி வாங்கிட்டேன்."

தோர்கிலின் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. "யார் யாரு போறா?"

"ஊர்ல பாதிப் பேரைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். ஏன்டா, நீயும் நானும்தான்! உள்ள ஒரே ஒரு கட்டில்."

குனிந்து கரண்டியை எடுக்கப் போனவன், கொஞ்ச நேரம் மேஜைக்கு அடியிலேயே இருந்தான். சந்தோஷத்தில் முகம் கோணிக்கொண்டு போனதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான்.

"வெளிய வா. ஒண்ணு சொல்லணும். நீயும் நானும் பச்சப்புள்ளைங்க இல்ல. என்னை விட்டுட்டுப் போன புருஷன் மாட்டு டாக்டர்னு பேரு, அவன் போகாத பண்ணை கெடையாது, எந்தப் பண்ணையிலயும் அவன் மாட்டை மட்டும் பாக்கல. உனக்கும் ஏதாவது கதை இருக்கும்."

"எனக்கா? எனக்கு ஒரு கதையும் இல்ல."

"மறுகரையில மீன் கண்காட்சிக்குப் போனியே, ரெண்டு வருஷம் முன்னாடி?"

தோர்கில் காதுவரை சிவந்துவிட்டான். "அது ஒரே ஒரு சாயங்காலம்."

"ஒரு சாயங்காலம் போதும். நான் பரிசோதனைக்குப் போயிட்டு வந்துட்டேன், எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வெள்ளிக்கிழமைக்குள்ள போயி அந்தக் காகிதத்தைக் கொண்டாந்து காட்டு. இல்லேன்னா குடிலும் இல்ல, கட்டிலும் இல்ல." இதைச் சொல்லும்போது அவள் உருளைக்கிழங்கைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அன்றிரவு தோர்கிலுக்குத் தூக்கம் போய்விட்டது. மறுகரை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், லீவு நாளில் தன் கப்பலிலேயே பயணியாக ஏற வேண்டும். கப்பல் தலைவர் ஏகோன் விடுவாரா? ஒலிபெருக்கியிலேயே விசாரிப்பார். மஞ்சள் பெட்டியை வரவழைக்கலாம் என்றால், அதைக் கப்பலிலிருந்து இறக்கிவைப்பதே அவன்தான். போய்வந்துவிட்டேன், ஒன்றுமில்லை என்று பொய் சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தான். அவளிடம் பொய் சொல்லிவிட்டு அந்தக் கட்டிலில் படுப்பதை நினைத்ததும் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, நாளைக்கே நகராட்சிக்குப் போவது என்று முடிவு செய்தான்.

புதன்கிழமை மதியம் நகராட்சிக் கட்டிடத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போனான். காத்திருக்கும் அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன, அவனைத் தவிர ஒரு ஆள் இல்லை. மேஜை மேல் சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்காக வருகிறவர்கள் ஆளுக்கொரு பறவையின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவனுக்குக் கடல்வாத்து வந்தது.

"கடல்வாத்து அவர்கள் உள்ளே வரவும்," என்று ஒலிபெருக்கி முழங்கியது. தெருமுனை ரொட்டிக் கடைவரை கேட்டிருக்கும்.

உள்ளே நர்ஸ் ஆஸ்தா இருந்தாள். "வாங்க, கடல்வாத்து."

"ஆஸ்தா, நான்தான்."

"தெரியும்டா. ஒம்பது வருஷம் எனக்குப் பின் பெஞ்சுல உக்காந்து என் சடையை இழுத்தவன் நீ. இருந்தாலும் இங்க நீ கடல்வாத்துதான். இந்தா, இந்தக் குப்பியில கொஞ்சம் மூத்திரம். அப்புறம் கைய நீட்டு, ரத்தம் எடுக்கணும்."

மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வலிக்கக்கூட இல்லை. "அவ்வளவுதானா?" என்றான் தோர்கில்.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி ஊர் முழுக்க நடுங்குது. வெள்ளிக்கிழமை காகிதம் வந்துரும்." ஆஸ்தா அவன் தோளைத் தட்டிவிட்டுக் கணிப்பொறியில் ஏதோ பதிந்தாள். திரையில் பட்டாசு வெடித்தது. அவள் முகம் வாடிப்போயிற்று. "அடப்பாவி. நீ நூறாவது ஆளு."

கதவு திறந்தது. துறைத் தலைவி போடில் குரோக்ஸ்கோர்ட் அம்மையார் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"கடல்வாத்து அவர்களே! ஆறு வருஷமா உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்!"

விஷயம் இதுதான். நகராட்சியின் எந்தச் சேவையானாலும் நூறாவது பயனாளியைக் கொடி, காப்பி, கேக், பாட்டு ஆகியவற்றோடு கௌரவிக்க வேண்டும் என்று எங்கள் தீவில் விதி உண்டு. பாட்டு என்றால் அந்த ஆளைப் பற்றியே புதிதாக எழுதி, தெரிந்த மெட்டில் போட்டு, அச்சடித்துக் கொடுத்து, எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். எங்கள் நாட்டில் பாட்டு இல்லாமல் ஒருவனுக்கு ஐம்பது வயது ஆகாது, கல்யாணம் ஆகாது, ஓய்வும் கிடைக்காது. போன வருடம் சாக்கடை அடைப்பு எடுத்த நூறாவது வீட்டுக்கு ஏழு சரணம் பாடினார்கள், வீட்டுக்காரர் கண்கலங்கிவிட்டார்.

"அம்மா, இது ரகசியம்னு பலகை வெச்சிருக்கீங்களே," என்றான் தோர்கில்.

"ரகசியமாத்தான் கொண்டாடப் போறோம்! வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, நகராட்சி முற்றத்துல. திரைக்குப் பின்னாடி நிப்பீங்க. பேரே வராது. இங்க வந்துபோனவங்க யாருன்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சாலும் மறந்துருவேன். மறக்க வேண்டியதையெல்லாம் எழுதிவைக்கத் தனியா ஒரு பதிவேடே இருக்கு, தினமும் காலையில எடுத்துப் படிப்பேன்."

"எனக்கு வேண்டாம்னா?"

"தாராளமா மறுக்கலாம். உங்க உரிமை. மறுப்பு விண்ணப்பம் குழுவுக்குப் போகும், ஆறு வாரத்துல பதில் வரும். அதுவரைக்கும் உங்க கோப்பு திறந்தே இருக்கும். கோப்பை மூடாம முடிவுக் காகிதம் கொடுக்க முடியாதுங்களே."

ஆறு வாரம்! தோர்கிலின் கண்முன் அந்த ஒற்றைக் கட்டில் வந்து நின்றது. "சரி," என்றான் ஈனக்குரலில். "பாட்டு ரெண்டு சரணத்துல முடிச்சுக்கங்க."

"ஒம்பது," என்று சொல்லிவிட்டு போடில் அம்மையார் பேனாவைத் திறந்தார். "பேரு சொல்லாதீங்க! என்ன வேலை?"

"அதைச் சொன்னா ஆளு தெரிஞ்சுருமே."

"வேலை வேற, ஆளு வேறங்க. சுற்றறிக்கையே இருக்கு. கப்பலா? நல்லது. மனைவி போனப்புறம் சாப்பாடெல்லாம் எப்படி?"

"நின்னுகிட்டே ரொட்டி தின்பேன். இப்ப செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக்குப் போயிருவேன்."

"யாரு வீடுன்னு சொல்லக் கூடாது! நான் காதைப் பொத்திக்கறேன். கதவு என்ன நிறம்?"

"நீலம்," என்று சொல்லிவிட்டுத்தான் தோர்கில் நாக்கைக் கடித்துக்கொண்டான். எங்கள் தீவில் கதவுகள் ஒன்று சிவப்பாக இருக்கும், இல்லையென்றால் பச்சை. நீலக் கதவு இருப்பது ஒரே ஒரு வீட்டில்தான்.

"நிறத்தை வெச்சு யாரையும் அடையாளம் காண முடியாது," என்று அம்மையார் எழுதிக்கொண்டார்.

வெளியே போகத் தனி வாசல் இருந்தது. வருகிறவரும் போகிறவரும் சந்தித்துக்கொள்ளக் கூடாதாம். அந்த வாசல் நேராகச் சந்தைச் சதுக்கத்தில் திறந்தது. திறப்பதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் நாகரிகமாகத் திரும்பி நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் மக்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். மணிச்சத்தம் கேட்டதும் மீன்சந்தையிலிருந்தும் ரொட்டிக் கடையிலிருந்தும் நாற்பது பேர் திரும்பி நிற்பதற்காக ஓடிவந்தார்கள். தோர்கில் வெளியே வந்தபோது நாற்பது முதுகுகள் வரிசையாக நின்றன.

"வணக்கம் தோர்கில்," என்றது ஒரு முதுகு.

"கப்பல் நாளைக்கு நேரத்துக்குக் கெளம்புமா?" என்றது இன்னொன்று. அது ரொட்டிக் கடைக்காரியின் முதுகு. தோர்கில் கிளம்பும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முற்றத்தில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். குழந்தைகள் கையில் காகிதக் கொடி, பெரியவர்கள் கையில் அச்சடித்த பாட்டுத்தாள், நடுவில் தோர்கிலை விட நீளமான ஒரு கேக். தோர்கிலை முன்னதாகவே அழைத்துவந்து, கம்பியில் தொங்கிய வெள்ளைப் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"தொப்பியைக் கழட்டிரவா?" என்று கேட்டான்.

"வேண்டாம், தொப்பி இருந்தா முகம் மறையும்," என்றார் போடில் அம்மையார். அவன் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தது. விரிப்பில் கப்பல்காரத் தொப்பியும், சின்னத் தொந்தியும், பழக்கதோஷத்தில் யாருக்கோ இடது பக்கம் காட்டும் கையுமாக அவன் உருவம் இரண்டு ஆள் உயரத்துக்கு விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

போடில் அம்மையார் மேடையேறினார். "அன்பார்ந்த தீவு மக்களே! அந்தரங்கம் என்பது ஒவ்வொரு மனிதனின் உரிமை. அதைப் பாதுகாக்க எங்கள் துறை சென்ற ஆண்டு மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு கூட்டங்களை நடத்தியுள்ளது. அந்தக் கூட்டங்களில் பேசப்பட்ட அந்தரங்கங்கள் அனைத்தும் தொகுக்கப்பட்டு நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. இன்று இந்தத் திரைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று உங்களில் எவருக்கும் தெரியாது. இது எங்கள் வெற்றி. அவருடைய தாயாருக்கும் முன் வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தோம். மூட்டுவலியால் அவர் வரவில்லை."

பிறகு பியானோ ஒலித்தது. முதல் நான்கு சுரங்களிலேயே யார் வாசிப்பது என்று தோர்கிலுக்குத் தெரிந்துவிட்டது. தீவில் இப்படி இடது கையை அழுத்தி வாசிக்கிறவள் ஒருத்திதான். நகராட்சி விழாக்களுக்கெல்லாம் தேவாலயத்து ஆர்கன்காரிதான் வாசிப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மூன்று நாள் பதற்றத்தில் மறந்தே போய்விட்டான். அவளுக்கு மெட்டு எழுதிய தாளைத்தான் கொடுத்திருந்தார்கள், வார்த்தைகளைக் கொடுக்கவில்லை. இருநூறு பேரும் பாடினார்கள்:

பேரைச் சொல்ல மாட்டோம் நாங்கள், பேசாது எங்கள் வாயே!
காரைக் கப்பல் மேலே ஏற்றக் கைகாட்டும் நண்பர் நீயே!

தோர்கில் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாம் சரணத்தில் அவன் உயரம் வந்தது, மூன்றில் தொந்தி, நான்கில் முன்னாள் மனைவியின் கருத்து. பியானோ ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஐந்தாம் சரணம் வந்தது.

தனியே நின்று ரொட்டி தின்று தாடி வளர்த்த ஆளு,
இனிமேல் நீலக் கதவு வீட்டில் இரவுச் சாப்பாட்டாளு!
தவறாமல்தான் செவ்வாய்தோறும் தட்டுகிறார் அக்கதவை,
எவர்க்கும் சொல்லோம், ரகசியமாகக் காப்போம் இந்த உறவை!

இருநூறு தலைகளும் பாட்டுத்தாளிலிருந்து நிமிர்ந்து பியானோ பக்கம் திரும்பின. பாட்டை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் கிடையாது, தீப்பிடித்தாலும் கடைசிச் சரணத்தை முடித்துவிட்டுத்தான் ஓடுவோம். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்தது, இனி இவள் என் மூஞ்சியிலேயே விழிக்க மாட்டாள் என்று தோர்கில் விரிப்புக்குப் பின்னால் நின்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். இரண்டு ஆள் உயர உருவமும் துடைத்துக்கொண்டது.

ஒன்பதாம் சரணம் முடிந்ததும் சோல்வை எழுந்து நின்றாள்.

"அஞ்சாவது சரணத்துல ஒரு தப்பு இருக்கு," என்றாள். "செவ்வாய் மட்டும் இல்ல. வியாழக்கிழமையும் வருவான்."

இருநூறு பேரும் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்துத் தாளில் திருத்திக்கொண்டார்கள்.

"இன்னொரு திருத்தமும் இருக்கு, அது பாட்டுல இல்ல." அவள் விரிப்பைப் பார்த்துப் பேசினாள். "தோர்கில், நான் பரிசோதனைக்குப் போகவே இல்ல. போனேன்னு உன்கிட்ட சொன்னது பொய்."

விரிப்பு விலகியது. தோர்கில் தொப்பியும் ஈரக் கண்ணுமாக வெளியே வந்தான்.

"போகலையா?"

"மூணு தடவை வாசல் வரைக்கும் போனேன். உள்ள யாரையோ நாரைன்னு கூப்பிட்டது தெரு வரைக்கும் கேட்டுச்சு, திரும்பி ஓடிவந்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து வாசிக்கறவ நான். முதுகுக்குப் பின்னாடி என்ன பேசுவாங்களோன்னு பயம். உன்னை அனுப்பிட்டு, நான் யோக்கியமாட்டம் வீட்ல உக்காந்துட்டேன்."

"ஒம்பது சரணம் நின்னேன், சோல்வை! என் தொந்திக்குத் தனியா ஒரு சரணம்!"

"தெரியும். வாசிச்சது நான்தானே."

அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்த ராத்திரி பொய் சொல்லலாமா என்று தான் யோசித்த அந்த ஒரு நிமிடமும் கூடவே ஞாபகம் வந்தது. "நான் உன்மேல கோபமா இருக்கேன்," என்றான்.

"இரு. எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. நான் உள்ள போயிட்டு வந்துடறேன்." அவள் மேடையிலிருந்து இறங்கி நேராகப் பரிசோதனை வாசலைப் பார்த்து நடந்தாள்.

போடில் அம்மையார் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். "அம்மா, நீங்க நூற்றொண்ணு! நூற்றொண்ணுக்கு விழா கெடையாது! அடுத்தது இருநூறுக்குத்தான்!"

அதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கப்பல் தலைவர் ஏகோன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "அப்படின்னா நூற்றொண்ணுல இருந்து நூற்றுத் தொண்ணூத்தொம்பது வரைக்கும் பாட்டே கெடையாதா?"

"கிடையாதுங்க."

ஏகோன் தன் கேக்கைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் சோல்வைக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ரொட்டிக் கடைக்காரி, அவளுக்குப் பின்னால் தபால்காரர். அரை மணி நேரத்தில் வரிசை சதுக்கத்தைச் சுற்றிவந்துவிட்டது. பாட்டில்லாத இடம் தீர்ந்துவிடுமோ என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். பறவைப் பெயர்கள் தீர்ந்து ஆஸ்தா மீன் பெயர்களுக்கு வந்தாள். மறுநாள் மதியத்துக்குள் எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. அதற்கப்புறம் ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

போடில் அம்மையார் அறிக்கை எழுதினார்: பாட்டின் மீது மக்களுக்குள்ள தீராத ஆர்வமே இந்த எழுச்சிக்குக் காரணம், ஆகவே இனி பத்து பேருக்கு ஒரு பாட்டு என்று விதியைத் திருத்த வேண்டும். தலைநகரத்தில் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, நாடு முழுவதற்கும் அந்தரங்கம் காக்கக் கற்றுக்கொடுக்கும் பெரிய பதவிக்கு அவரை மாற்றினார்கள்.

தோர்கிலின் காகிதத்தை விழாவன்றே கேக்குத் தட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை அவன் குடிலுக்குப் போகவில்லை. ஞாயிறு, திங்கள் முழுக்கக் கோபமாக இருந்தான். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கோபமாகவே போய் நீலக் கதவைத் தட்டி, கோபமாகவே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். வியாழக்கிழமை கோபம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கப்பலிலிருந்து நேராக வந்தபோது சோல்வை சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு காகிதமும் ஒரு மாத்திரை டப்பாவும் இருந்தன.

"உக்காரு," என்றாள். "கிளமிடியாவாம். ரொம்ப நாளா உள்ளயே இருந்திருக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியல. அந்த மாட்டு டாக்டர் போகும்போது ஃபிரிட்ஜை எடுத்துட்டான், நாயை எடுத்துட்டான், சன்னல் திரையைக்கூட விடல. எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாகிவிட்டது. "நான் பொய்யோட விட்டிருந்தா உனக்கும் வந்திருக்கும். நீ போகணும்னா போயிடு தோர்கில், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தோர்கில் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். காகிதத்தை எடுத்தான். மொத்தம் நான்கு பக்கம். சட்டப் பிரிவுகள், துறையின் நோக்கங்கள், துறைத் தலைவியின் வாழ்த்துச் செய்தி எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தான்.

"ஏழு நாள் மாத்திரையா?"

"ஏழு நாள். அதோட சுத்தமாப் போயிடுமாம். அப்புறம் இன்னும் ஒரு ரெண்டு மூணு நாள் பொறுத்துக்கச் சொன்னா ஆஸ்தா."

"உன் தங்கச்சிகிட்ட சாவியைத் திருப்பிக் கொடுத்துராத."

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அந்த அலுவலகம் ஆறு வருடமாக எழுதியவற்றில் அவனுக்குப் புரிந்தது அந்த ஒரு வரிதான். எழுந்துபோய் அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்தான்.